தர்மாஸ்பத்திரி மாத்திரையும் அம்மாவின் பிஸ்கட் டின்னும்

கூட வேலை பார்க்கும் ஒருத்தருடைய அப்பாவுக்குப் போன மாதம் சுகர் என்று தெரிந்தது. அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தர்மாஸ்பத்திரி மாத்திரை கேக்குமா?" என்பதுதான். கேக்கும் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் நாலு வருட அனுபவத்தை ஒரு வார்த்தையில் முடித்தது சரியில்லை என்று பட்டது, அதனால்தான் இது. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம், அங்கே தருகிற சுகர் பிரஷர் மாத்திரை, மாதம் ஒருமுறை அதை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற ஏற்பாடு, மூன்றையும் சேர்த்து எழுதுகிறேன். ஊர் கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் இருக்கிறது, அதற்கு மேல் சொல்ல மாட்டேன். ஊருக்கு ஒரு நிலையம்தான், நான் யாரைக் குறை சொல்கிறேன் என்று மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும், அடுத்த மாதம் அதே ஜன்னலில் நான் போய் நிற்க வேண்டும்.

அம்மாவுக்கு 69 வயது. சுகர் வந்து 15 வருடம், பிரஷர் அதற்குக் கொஞ்சம் பின்னால். ஆரம்பத்தில் நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில்தான் காட்டினோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, கன்சல்டிங், ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் சேர்த்துப் போகும்போதெல்லாம் மூவாயிரத்துக்குக் குறையாது, அதோடு எனக்கு ஒருநாள் சம்பளமும் போகும். அதையும் சமாளித்துக்கொண்டுதான் இருந்தோம். 2020 ஊரடங்கில் பஸ் நின்றதும்தான் விஷயம் வெளியே வந்தது. கையிருப்பு தீர்ந்துபோகாமல் இருக்க அம்மா மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "கூடக் கொறைய இருந்தா போதும்னு நெனச்சேன் மக்களே" என்றார். தங்கை கல்யாணத்துக்குக் கடன் வாங்கியபோது சொன்ன அதே தொனி.

மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற அந்த ஏற்பாட்டுக்கு அரசு வைத்த பெயர் மக்களைத் தேடி மருத்துவம், அது 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. எங்கள் தெருவுக்கு வந்துசேர இன்னும் சில மாதம் ஆனது. முதல்நாள் ஒரு அக்கா பையோடு வாசலில் வந்து நின்று, "மாமி, உங்களுக்கு சுகர் உண்டுமா?" என்று கேட்டபோது, அம்மா ஏதோ இன்சூரன்ஸ் பிடிக்க வந்தவர் என்று நினைத்து உள்ளே போய்விட்டார்.

இந்த அக்கா நர்ஸ் இல்லை. மகளிர் குழுவிலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்தவர், தன்னார்வலர் என்று பெயர். பக்கத்து வார்டுக்காரர்தான், அவர் மாமியாரை அம்மாவுக்குத் தெரியும். காலையில் ஏழு ஏழரைக்கெல்லாம் வந்துவிடுவார், அப்புறம் வந்தால் அம்மா கிழங்கும் சாயாவுமாக எதையாவது சாப்பிட்டிருப்பார் என்று அவருக்குத் தெரியும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்துவார். ஓரத்தில் வலி குறைவு, நடு நுனியில் குத்தினால் அன்றைக்கு முழுக்க மீன் அரியும்போது எரியும். இதை நாகர்கோவிலில் அத்தனை வருடத்தில் ஒருத்தர்கூடச் சொல்லித் தரவில்லை. குத்துவதற்கு முன் கையைக் கழுவச் சொல்வதும் இவர்தான். ஒருநாள் அம்மா மட்டிப் பழம் உரித்த கையோடு வந்து நீட்டியதில் 280 காட்டியது. கழுவித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தால் 164.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். சுகருக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, பிரஷருக்கு அம்லோடிபின், அட்டெனலால் என்று கடையில் எந்தப் பெயரில் வாங்கினாலும் உள்ளே இருக்கிற அதே மருந்துகள்தான் இங்கேயும். "விற்பனைக்கல்ல" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்ததும் சிலருக்கு முகம் சுளிக்கும். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்கிற அரசு நிறுவனம் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குகிறது, வருகிற மருந்துகளின் மாதிரியை ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. விலை குறைவதற்குக் காரணம் மொத்தக் கொள்முதல், மருந்தின் வீரியம் குறைவது இல்லை. என் வீட்டுச் சாட்சியம் வேண்டுமென்றால், 2021 கடைசியில் அம்மாவின் மூன்று மாதச் சுகர் சராசரி (HbA1c என்கிற பரிசோதனை) 9.4, ஒரு வருடம் இந்த மாத்திரையை ஒழுங்காகப் போட்ட பிறகு 7.6. ஒழுங்காக என்பதுதான் இதில் முக்கியம். தீர்ந்துபோகுமே என்கிற பயம் இல்லாததால் உடைத்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் திட்டத்துக்கு 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதுகூடக் கிடைத்தது. செய்தியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அந்தப் பிள்ளைக்கு ஏதும் குடுத்தாவளா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இனி நிலையத்தின் கதை. மாத்திரை வீட்டுக்கு வந்தாலும் நோட்டைக் காட்டி டாக்டரைப் பார்க்க அவ்வப்போது போகத்தான் வேண்டும். எங்கள் நிலையத்தில் சுகர் பிரஷர்காரர்களுக்கென்று இரண்டு நாள் கூட்டமாக இருக்கும். எட்டு மணிக்கு டோக்கன், பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, மருந்து ஜன்னலுக்கு ஒரு வரிசை. வெறும் வயிற்றில் வந்த வயசானவர்கள் பத்தரை வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். வாசல் கடையில் ரசவடை வாசனை வேறு. டாக்டரின் அறைக்குள் போனால் மொத்தம் ஒரு நிமிடம். நோட்டைப் பார்ப்பார், "அதே மாத்திரை", கையெழுத்து, அடுத்த ஆள். அவரைத் திட்டிப் பயனில்லை, வெளியே நூறு பேர் நிற்கிறார்கள், பிரசவத்துக்கு வந்தவர்களையும் நாய் கடித்து வந்தவர்களையும் அவரேதான் பார்க்க வேண்டும். ஆனால் 15 வருடமாக உடம்பில் இருக்கிற ஒரு தீனத்துக்கு ஒரு நிமிடம் என்பது என்ன கணக்கு? அம்மாவின் பாதத்தை ஒருநாளும் யாரும் பார்த்ததில்லை. சுகர்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது சுவரில் ஒட்டியிருக்கிற படத்திலேயே இருக்கிறது. அந்தப் படத்துக்குக் கீழேதான் அம்மா செருப்பில்லாமல் நின்றுகொண்டிருப்பார், அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொல்வதால்.

சாப்பாட்டு ஆலோசனையும் அப்படித்தான். "சோறைக் குறைங்க, சப்பாத்தி சாப்பிடுங்க." எங்கள் வீட்டில் சப்பாத்தி சுட்டு யாருக்குப் பழக்கம்? கொஞ்ச நாள் சுட்டும் பார்த்தோம், சோற்றுக்குப் பதிலாக நாலு சப்பாத்தி, நடுவில் பசிக்குது என்று ஏத்தன்பழம் ஒன்று, சுகர் ஏறித்தான் இருந்தது. சம்பா அரிசி சுகருக்கு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி தட்டு நிறையச் சாப்பிடுகிறவர்கள் எங்கள் குடும்பத்திலேயே மூன்று பேர். மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) சாப்பிடலாமா, எவ்வளவு, மீன் குழம்போடு சாப்பிட்டால் என்ன, பயறும் புட்டும் சாப்பிடும் வீட்டில் எதைக் கூட்டி எதைக் குறைப்பது என்று இந்த ஊர்ச் சாப்பாட்டைத் தெரிந்து பேச ஒரு ஆள் வேண்டும். எங்களுக்கு அதையும் அந்த அக்காதான் சொன்னார்: தட்டில் பாதிக்கு அவியலோ தோரனோ வை, கால்வாசிக்கு மீன், மிச்சத்துக்கு மட்டும் சோறோ கிழங்கோ, இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டாம், கருவாடு உப்பு, பிரஷருக்கு ஆகாது. கருவாட்டை மட்டும் அம்மா இன்னும் விடவில்லை.

மாத்திரை ஸ்டாக் இல்லை என்று இரண்டு முறை நடந்திருக்கிறது. ஒருமுறை அம்லோடிபின் பதினைந்து நாளைக்குத்தான் தந்தார்கள், இன்னொரு முறை அக்காவின் கையில் சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் இல்லை. மூன்று மாதச் சராசரி பரிசோதனை எங்கள் நிலையத்தில் எடுப்பதில்லை, வெளியே லேபில் காசு கொடுத்துத்தான் எடுக்கிறோம். கண் பரிசோதனைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தந்தார்கள், நாங்கள்தான் போகாமல் ஒரு வருடம் இழுத்தோம், அதில் நிலையத்தைக் குறை சொல்ல முடியாது.

இந்தக் குறையெல்லாம் எந்த ஊரிலும் உண்டு. நான் உண்மையில் எழுத வந்தது வேறு.

இரண்டு வருடத்துக்கு முன் சவுதியிலிருந்து தம்பி லீவில் வந்தான். வந்தவன் அம்மாவின் மாத்திரைகளைப் பார்த்துவிட்டு, ஓசி மாத்திரையா என்று கோபப்பட்டு, மறுநாளே டாக்ஸி பிடித்து ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். முழு உடல் பரிசோதனை. அவன் பாசத்தைக் குறை சொல்லவில்லை, வருடத்துக்கு முப்பது நாள்தான் அவனுக்கு அம்மா கிடைக்கிறார். அந்த டாக்டர், இப்போது என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். தர்மாஸ்பத்திரி மாத்திரை என்று சொல்ல அம்மாவுக்கு நாணம், "ஏதோ போடுறேன் சார்" என்று சொல்லியிருக்கிறார். அவரும் அதற்கு மேல் கேட்காமல் புதிதாக எழுதிவிட்டார், கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை. நிலையத்தில் இதே இரண்டையும் தனித்தனியாகத் தருகிறார்கள். அம்மா இரண்டையும் போட ஆரம்பித்துவிட்டார். ஒன்று வெள்ளை, ஒன்று இரண்டு நிறம், பெயர் வேறு, டாக்டர் வேறு. இரண்டும் டாக்டர் தந்ததுதானே?

இதில் நான் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாத இடம், எனக்கும் தெரியாது என்பது. அம்மா மாத்திரை வைப்பது ஒரு பழைய பிஸ்கட் டின்னில். கடையில் எண்ணிக்கைக்காக ஸ்ட்ரிப்பைக் கத்தரித்துத் தருவார்கள், பெயர் அச்சடித்த பக்கம் அவர்களிடமே இருந்துவிடும், நமக்கு வருவது வெறும் நாலு மாத்திரையும் பாதி எழுத்தும். டின்னைத் திறந்தால் அப்படி ஏழெட்டுத் துண்டுகள் கிடக்கும். நான் அதைத் திறந்து பார்த்ததே இல்லை.

தவக்கால வெள்ளி. அம்மா ஒருசந்தி, ஒரு நேரம்தான் சாப்பாடு, அதுவும் கஞ்சி. மாத்திரையை மட்டும் தவறவிடவில்லை, டாக்டர் சொன்னதாச்சே. ராத்திரி இரண்டரை இருக்கும், "மக்களே" என்று கூப்பிட்ட சத்தமே சரியில்லை. போய்ப் பார்த்தால் நைட்டி முழுக்க வியர்வையில் நனைந்திருக்கிறது, கை நடுங்குகிறது. "தலை கறங்குது, கையெல்லாம் வெறைக்குது" என்கிறார், என்னைப் பார்த்துத் தம்பி பெயரைச் சொல்கிறார். எனக்கு முதலில் தோன்றியது நெஞ்சுவலி. மனைவிதான் மிஷினை எடுத்து விரலில் குத்தினாள். 48, சுகர் அளவுக்கு மீறி இறங்கியிருந்தது.

மூன்று ஸ்பூன் சீனியைக் கொஞ்சம் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தோம், நல்லவேளை விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்தது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கால் மணி நேரத்தில் மறுபடி பார்த்தால் 71, அப்புறம் ரெண்டு பிஸ்கட்டும் பாலும். சரியாகிவிட்டது என்று படுக்கப் போயிருப்பேன். மனைவி விடவில்லை, 108ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரி கேஷுவால்டிக்குப் போனோம். போனதுதான் சரி என்று அங்கே தெரிந்தது. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையால் சுகர் இறங்கினால் சீனி கொடுத்து ஏறிய பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும், வயசானவர்களுக்குச் சீக்கிரம் இறங்கும். விடியற்காலையில் அப்படியே மறுபடி 60க்குக் கீழே போனது. குளுக்கோஸ் டிரிப் ஏற்றி மறுநாள் சாயங்காலம் வரைக்கும் வைத்திருந்தார்கள். ஒரு பைசா வாங்கவில்லை.

அதற்கடுத்த வாரம் அக்கா வழக்கம்போல மாத்திரையோடு வந்தார். நடந்ததைச் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் "மாமி, அந்த டின்னை எடுங்க" என்றார். திண்ணையில் ஒரு நியூஸ் பேப்பரை விரித்துக் கொட்டினார். கத்தரித்த துண்டுகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாதிப் பாதி எழுத்தைக் கூட்டி வாசித்தார். தெரியாததைப் போனில் படம் எடுத்து நிலையத்தில் மருந்து கொடுப்பவருக்கு அனுப்பினார். அரை மணி நேரம் ஆனது. கடைசியில் பேப்பரில் மூன்று குவியல்: போட வேண்டியது, இரட்டிப்பு, காலாவதி. இரட்டிப்புக் குவியல்தான் பெரிது. காலாவதிக் குவியலில் செத்துப்போன என் அப்பாவின் மாத்திரையும் இருந்தது.

பெரிய படிப்பு படித்த இரண்டு டாக்டர்களும், கம்ப்யூட்டர் வைத்த இரண்டு மருந்தகங்களும், பட்டப்படிப்பு முடித்த நானும் செய்யாத காரியம் அது. தனியார் ஃபைலில் நிலையத்தின் நோட்டு இல்லை, நிலையத்து நோட்டில் தனியார் ஃபைல் இல்லை. இரண்டு பேரும் அவரவர் கணக்கில் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் சேர்கிற ஒரே இடம் அந்த டின்.

நிலையத்துக்குப் புதிதாக வந்த டாக்டரம்மாவிடம் டின்னோடு போனோம். அன்றைக்குக் கூட்டம் குறைவு, பத்து நிமிடம் பேசினார், நாலு வருடத்தில் அதுதான் அதிகபட்சம். கிளிமிபிரைடை நிறுத்திவிட்டு மெட்ஃபார்மினை மட்டும் தொடரச் சொன்னார். இந்த வயதில் 7க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று துரத்த வேண்டாம், 8க்குள் இருந்தால் போதும், சுகர் இறங்கித் தலைசுற்றி விழுந்து எலும்பு உடைவதுதான் பெரிய ஆபத்து என்றார். கடைசியாகப் பார்த்தபோது 7.8. ஒருசந்தி இருக்கிற நாளில் என்ன செய்வது என்றும் அப்போதுதான் கேட்டோம். நோன்பு வைக்கிறவர்கள், மாலை போட்டு விரதம் இருப்பவர்கள் எல்லாரும் முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்வி இது. டாக்டர்கள் அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், எங்கள் பக்கத்து வீட்டுச் சித்தப்பாவுக்கு நடந்தது. அரசு ஆஸ்பத்திரியில் தருகிற குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. அவர் சிரிஞ்சு தீர்ந்துபோய் கடையில் கேட்டு வாங்கியது ஆரஞ்சு மூடி, அது 100 யூனிட் குப்பிக்கானது. அதில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். மூன்று வாரம் சுகர் 400ஐ விட்டு இறங்கவில்லை, மருந்து சரியில்லை என்று அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். மாற்றிச் செய்தால், அதாவது 100 குப்பியைச் சிவப்பு மூடியில் இழுத்தால், இரண்டரை மடங்கு ஏறும், ஆளே போய்விடும். குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்துக் கையில் வைத்து ஒருமுறை பாருங்கள்.

காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, டயாலிசிஸ் வரைக்கும் வரும், நல்ல விஷயம்தான். ஆனால் அது படுக்கையில் விழுந்த பிறகு. விழாமல் இருக்கத் தினமும் போடுகிற மாத்திரைக்கு அட்டை செல்லாது. நிலையத்தில் ஸ்டாக் இல்லாத மாதம் நான் போவது முதல்வர் மருந்தகத்துக்கு, 2025 பிப்ரவரியில் திறந்தது, கடை விலையை விடக் குறைவாகத்தான் இருக்கிறது.

நட்சத்திரம் போடச் சொன்னால், மாத்திரைக்கு ஐந்து. நிலையத்துக்கு இரண்டரை, அந்த டாக்டரம்மா இருக்கும் வரை மூன்று. தன்னார்வலருக்கு ஐந்துக்கு மேல் போட இடமில்லை. அவர் பிரசவம் பார்க்க மகள் வீட்டுக்குப் போன இரண்டு மாதமும் எங்கள் தெருவில் மாத்திரை வந்தது, ஆனால் யார் விரலிலும் யாரும் குத்தவில்லை. மொத்த ஏற்பாடும் ஒரு ஆளின் காலில் நிற்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இன்னொன்று, எங்கள் வீட்டிலிருந்து நிலையம் ஒன்றரை கிலோமீட்டர். பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் இருப்பவர்களுக்கும் இதே ஐந்து நட்சத்திரமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பிஸ்கட் டின் இப்போது என் பொறுப்பு. இரண்டு கவர், காலை, ராத்திரி. கடையில் கத்தரிக்க விடுவதில்லை, முழு ஸ்ட்ரிப்தான். எந்த டாக்டரிடம் போனாலும் டின்னையே தூக்கிக்கொண்டு போகிறோம், தனியார் மருத்துவமனையில் ஒருத்தர் சிரித்தார், சிரிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அரிசிப் பானையில் கைவிட்டபோது ஒரு துண்டு ஸ்ட்ரிப் தட்டுப்பட்டது. அந்த இரண்டு நிற மாத்திரை, ஆறு. கேட்டேன். "அது பைசா குடுத்து வாங்கினதாக்கும், களைய மனசு வருமா?" என்றார் அம்மா. நான் அவர் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாகப் பிதுக்கிச் சாக்கடையில் போட்டேன். அவர் எண்ணிக்கொண்டே நின்றார்.